உத்தேச எடை

நாலு கிலோ நூற்றைம்பது என்கிறது திரை.
அரைக் கிலோ கூட இருக்கலாம், குறையவும் இருக்கலாம்
என்கிறார் டாக்டர் இயோ,
ஈரச்சந்தை மீன்காரர் தராசைத் தட்டிவிட்டுச் சொல்வதுபோல,
ஆனால் சிரிக்காமல்.

முப்பத்தெட்டு வாரம், ஐந்து நாள்.
தலை கீழே. பனிக்குட நீர் போதும். சர்க்கரை இல்லை.
தோள்தான், என்றார்.
தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம்.
எத்தனை பேருக்கு?
சிலருக்கு.
சிலர் என்றால்?
ஒரு கையை விரித்தார்,
யோசித்து இரண்டு விரலை மடக்கினார்.

வியாழக்கிழமை காலை ஏழுக்குப் படுக்கை இருக்கிறது,
வலியை வரவழைக்கலாம்.
காத்திருக்கவும் செய்யலாம்.
இரண்டும் சரிதான்.
இரண்டும் சரியாக இருப்பதைப்போல்
ஒரு தொல்லை கிடையாது.

சாங்கியில் எனக்கு எடை பார்க்கும் வேலை.
எந்தப் பெட்டி எந்த அறையில், எரிபொருள் எவ்வளவு,
மூக்கு கனக்கிறதா வால் கனக்கிறதா.
பதினோரு ஆண்டில் என் தாளை நம்பி ஏறிய விமானம்
ஒன்றும் தள்ளாடியதில்லை.
நான்தான் இப்போது தள்ளாடுகிறேன்.
லிஃப்டுக்குள் நுழைந்தால்
பள்ளிப் பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு
பலகையை அண்ணாந்து படிக்கிறார்கள்:
பதின்மூன்று பேர், எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோ.

"தடியால அடிச்சா கனிய வைப்பாங்க?" என்கிறார்
ஃபோனில் கோமளா அண்ணி. "தானாப் பழுக்கட்டும்."
டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே:
கர்ப்பப்பை வாய் இன்னும் கனியவில்லை.
ஆளாளுக்கு என் கிளையை வளைத்துப் பார்க்கிறார்கள்.
எதிர்வீட்டு ரொஹானா மட்டும்
ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்துவிட்டு
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்வோம்"
என்றான் நவீந்திரன், துவாஸ் ஷிப்டுக்குக் கிளம்புமுன்.
அன்பான வாக்கியம்.
தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.
மடி எங்கே இருக்கிறது இப்போது.

இரவு மூன்று மணி. பாசிர் ரிஸ்.
இடப்பக்கம் படுத்தால் நீ உதைக்கிறாய்,
வலப்பக்கம் படுத்தால் நர்ஸ் திட்டியது ஞாபகம் வருகிறது.
எழுந்து ஜன்னலோரம் நிற்கிறேன்.
கடலைத் தாண்டி ஒன்று ஏறுகிறது,
சிறகு நுனியில் சிவப்பு சிமிட்டிக்கொண்டு.

உனக்கு ஒன்று சொல்கிறேன்,
வேலையிடத்து ரகசியம்கூட இல்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.
பயணிகளை நாங்கள் நிறுத்துப் பார்ப்பதில்லை.
ஆளுக்கு இத்தனை கிலோ என்று வைத்துக்கொள்கிறோம்.
மல்யுத்த வீரரும், மூன்று நாள் சாப்பிடாமல் அழுதவளும்
ஒரே எண்ணாகப் போய் உட்காருகிறார்கள்.
அந்த உத்தேசத்தின்மேல்தான்
நான் கையெழுத்துப் போடுகிறேன்.
கை நடுங்கியதே இல்லை.

இப்போது நடுங்குகிறது.
விலாவுக்குக் கீழே உன் குதிகாலோ முட்டியோ
உள்ளிருந்து என் விரலைத் தள்ளுகிறது.
நானும் தள்ளினேன்.
நீ மறுபடி தள்ளினாய்.
இதை எந்தத் திரையும் கிலோவில் சொல்லவில்லை.

எட்டரைக்குக் கூப்பிட்டேன். வியாழன், என்றேன்.
சொன்ன கணமே காத்திருந்திருக்கலாமோ என்று பட்டது.
காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாலும்
ஏதோ ஒன்று பட்டிருக்கும்.
இன்னும் இரண்டு இரவு இருக்கிறது,
நீயாக வருவதானால் வா, கதவு பூட்டவில்லை.

நவீந்திரன் வேலை முடிந்து வந்து
சட்டையைக்கூடக் கழற்றாமல்
பச்சிளம் அளவு டயாப்பர் பொட்டலத்தை எடுத்துப் பார்க்கிறான்.
ரசீது எங்கே, மாற்றிவிட்டு வருகிறேன் என்கிறான்.
வேண்டாம், அரைக் கிலோ
குறைவாகவும் இருக்கலாம் என்றேன்.